மண்ணுக்கு ஒரு தவணை, பிள்ளையின் காலுக்கு?



இது ஓர் ஆசிரியையின் நினைவாக நடக்கும் உரை என்பதால் பிள்ளைகளைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். உலகம் பிள்ளைகளுக்காக எழுதிய சட்டங்கள் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கின்றன? ஒரேயொரு பொருளை வைத்து அதைப் பார்ப்போம். அந்தப் பொருள் மிதிவெடி.

2000ஆம் ஆண்டு அரச படையினரின் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகள் வசமான பிறகு, கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் குறுக்கே முன்னரங்கு அமைந்தது. இரு தரப்புமே மிதிவெடிகளைப் புதைத்தன. 2009இல் போர் முடிந்தது. புதைத்தவை அப்படியே கிடந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் வெடிகளில் உலோகம் மிகச் சொற்பம். அதனால் அகற்றும் பணியாளர்கள் முழந்தாளிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறித்தான் முன்னேறுகிறார்கள். போரில் கணவனை இழந்து, பிள்ளைகளை வளர்ப்பதற்காக இந்த வேலைக்கு வந்த பெண்களும் அவர்களில் உண்டு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றியது. இலங்கை 1991இல் அதை ஏற்றது. போரில் பாதிக்கப்பட்ட பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் தேறிவர அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது அதன் 39ஆம் உறுப்புரை. மொசாம்பிக்கின் முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மாஷெல் 1996இல் ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கை, மிதிவெடி பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமையை உலகின் முன் வைத்தது. அடுத்த ஆண்டே ஒட்டாவாவில் மிதிவெடித் தடைச் சமவாயம் கைச்சாத்துக்கு வந்தது. அதற்காக உழைத்த மக்கள் இயக்கமும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸும் அந்த ஆண்டின் நோபல் சமாதானப் பரிசைப் பெற்றனர். இலங்கை 2017 டிசம்பரில் அந்தச் சமவாயத்தில் சேர்ந்தது.

இந்தச் சமவாயத்தின் இரண்டு உறுப்புரைகளை அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள். 5ஆம் உறுப்புரை, சமவாயம் ஒரு நாட்டில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பத்து ஆண்டுக்குள் புதைத்த வெடிகளை அகற்று என்கிறது. சேர்ந்தபோது இலங்கைக்குக் கிடைத்த தவணை 2028 யூன் 1. 6ஆம் உறுப்புரையோ, காயப்பட்டவர்களின் பராமரிப்புக்கும் புனர்வாழ்வுக்கும் உதவு என்று சொல்கிறது. உதவக்கூடிய நிலையில் உள்ள நாடுகள் செய்யட்டும் என்று நிறுத்திக்கொள்கிறது. மண்ணுக்குத் தவணை உண்டு. மனிதனுக்கு இல்லை.

இதில் பெரிதும் அடிபடுவது பிள்ளை. முழங்காலுக்குக் கீழே கால் போன பிள்ளைக்கு எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும். மூடியிருக்கும் தோலும் தசையும் அந்த வேகத்தில் வளரா. எலும்பு முனை தோலைக் குத்தும். திரும்பவும் சத்திரசிகிச்சை வேண்டும். வளர்ந்தவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு செயற்கைக் கால் போதும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கொன்று தேவை. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும், செயற்கைக் கால் செய்து கொடுக்கும் ஜெய்ப்பூர் நிலையம் இந்தத் தேவையை அறிந்தே பணியாற்றி வருகிறது. வெறுங்காலோடு வயலில் இறங்கவும், பாயில் சம்மணமிட்டு இருக்கவும் இடம் தருவது ஜெய்ப்பூர்க் கால். ஆனால் அளவெடுக்க வரும் நாளில் தாயின் கூலி போகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடம் போகிறது. பஸ் காசு இல்லாத வீட்டில், கட்டையான பழைய காலோடு பிள்ளை நொண்டி நடக்கும், முள்ளந்தண்டு வளையும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். ஒன்று, கால் இழந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வலயக் கல்வி அலுவலகத்தில் பதிவாகி, அளவெடுக்கும் தவணை பாடசாலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, பயணச் செலவையும் தாயின் அன்றைய கூலியையும் பிரதேச செயலகம் கொடுக்க வேண்டும். மூன்று, அன்று பிள்ளையாகக் காயப்பட்டு இன்று குடும்பத்தலைவராகிவிட்டவர்களுக்கும் ஆயுள் முழுவதும் இந்த உரிமை தொடர வேண்டும்.

வெடி அகற்றிய நிலத்தின் பரப்பை அரசு மிதிவெடித் தடைச் சமவாயத்தின் கீழ் ஐ.நா.வுக்கு அறிக்கையிடுகிறது. அதே அறிக்கையில், உரிய காலத்தில் கால் மாற்றிக் கொடுத்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 39ஆம் உறுப்புரையை ஏற்றுக் கையெழுத்திட்ட அரசிடம் இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. கொடுத்த வாக்கை நிறைவேற்றச் சொல்கிறோம். அதை விடாமல் கேட்கவேண்டிய பொறுப்பு இங்கே படித்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் உண்டு.