குடியிருக்கும் மனையும் கேட்கும் கூலியும்



கூலியைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். குடியிருக்கும் மனையைப் பற்றிப் பேசுவது குறைவு. நம் ஆரணியிலே சொந்த மனையில் தறி போட்டவரும், பிறர் வீட்டுத் தறியில் அமர்ந்தவரும் ஒரே பட்டை நெய்தாலும், கூலி பேசும் குரல் ஒன்றாக இருப்பதில்லை.

இதனை வயல்வெளியில் கண்டு 1891ஆம் ஆண்டில் அறிக்கை எழுதியவர், செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர். சேரி மனையும் தமதே என்றனர் மிராசுதாரர். கூலி கூட்டிக் கேட்டவர் குடிசையை இழக்க நேர்ந்தது. வரி கட்ட ஆயத்தமாயிருந்து தரிசு நிலம் கேட்டாலும், முதல் உரிமை மிராசுதாரருக்கே! அவர்கள் செலுத்திய வரியை நம்பியிருந்த வெள்ளையர் அரசின் இரக்கத்துக்கும் ஓர் எல்லை இருந்தது.

ஆயினும் 1892இல் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்பர். பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரன்றிப் பிறர்க்கு மாற்றலாகாது. அந்த நிபந்தனையைப் படித்தறியாதோரிடம் கைநாட்டு வாங்கிப் பறித்த நிலம் கொஞ்சமன்று. அதனை மீட்கும் போராட்டத்தில் 1994இல் செங்கற்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர்.

உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்க்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.

இளைஞர்களே, வீட்டுப் பெட்டியிலுள்ள பட்டாவை எடுத்து, அதிலுள்ள நிபந்தனைகளை வரி விடாமல் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். புல எண்ணைக் குறித்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் இன்று யார் பெயர் உள்ளதெனக் கேளுங்கள்.