மலை ஏறியவரும் வழி காட்டியவரும்



நாஞ்சில் நாடு என்றவுடன் நெல்வயலும் குளமும் தென்னந்தோப்பும் மனக்கண் முன் விரிவது இயல்பு. தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களின் வயல்வெளியே இந்நாட்டின் முகமாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அவ்வயலுக்கு நீர் ஈந்து வளர்க்கும் தாய் மலையே ஆகும். வடக்கே 1,645 மீட்டர் உயர்ந்த மகேந்திரகிரி. அதற்கும் அப்பால் 1,868 மீட்டர் உயர்ந்து, பொருநைக்குப் பிறப்பிடமாக விளங்கும் அகத்தியர் மலையாகிய பொதியில். தெற்கே, கடலை எட்டிப் பார்ப்பது போலத் தனித்து நிற்கும் மருந்துவாழ் மலை. நாகர்கோவிலில் வைகறையில் புறப்படும் ஒருவர் மருந்துவாழ் மலையின் உச்சியைக் கண்டு, நண்பகல் உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். கீரிப்பாறையை அடுத்த காளிகேசத்திலிருந்து பாலமோர் நோக்கிக் காட்டுவழியே நடப்பவர் பொழுது சாய்வதற்குள் ஊர் வந்து சேரலாம். ஒருநாள் மலையேற்றம் என்பது இம்மண்ணுக்குப் புதிய பொழுதுபோக்கு அன்று. மருந்து தேடியும், தவம் தேடியும், தேனும் விறகும் தேடியும் மக்கள் ஏறி இறங்கிய மலைகளே இவை.

உலகின் மறுகோடியிலும் இத்தகைய நகரம் ஒன்று உண்டு. தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலைத்தொடரில், ஈக்குவடோர் நாட்டின் தலைநகராகிய கீத்தோ 2,850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. நகரை ஒட்டியே பிச்சிஞ்சா எரிமலை நிற்கிறது. அதன் கொடுமுடிகளுள் ஒன்றான ரூக்கு பிச்சிஞ்சா ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரமுடையது. 2005ஆம் ஆண்டு முதல் கம்பிவடத் தொட்டில் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை மக்களை ஏற்றிச் செல்கிறது; அங்கிருந்து நடந்து முடியைத் தொட்டு மாலைக்குள் நகர் திரும்புவோர் பலர். மற்றொரு கொடுமுடியான குவாகுவா பிச்சிஞ்சா 1999இல் வெடித்து நகரின் மேல் சாம்பலைத் தூவியது. அங்கே ஏறுவோரை முதலில் சோதிப்பது காற்று. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் ஆகியவை வலியவரையும் விடுவதில்லை.

பொதியிலின் உச்சியிலும்கூட ஐந்தில் நான்கு பங்கு காற்றழுத்தம் உண்டு. எனவே இம்மலைகளில் மூச்சு அடைப்பதில்லை. இங்குள்ள இடர்கள் வேறு: வெயில், வழுக்குப் பாறை, அட்டை, யானை, மழைக்காலத்தில் நொடிப்பொழுதில் பெருகும் காட்டாறு, கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீ. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் 20 பேருக்கும் மேல் உயிரிழந்தனர். அதன் பின்னரே தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அவ்வாண்டிலேயே வகுத்தது. 2024இல் வனத்துறை 40 வழிகளைத் தெரிந்தெடுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மலையில் உயிர் காப்பது காலின் வலிமையைக் காட்டிலும் வழி அறிந்தவரின் சொல்லே என்பது இத்துயரத்தால் பெற்ற பாடம் எனலாம்.

வழி அறிந்தவர் என்னும் இச்சொல்லைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். மலையேற்ற வரலாறு என்று எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஏறியவரின் வரலாறுகளே. வழி காட்டியவர், சுமை தூக்கியவர், காடு வெட்டிப் பாதை செய்தவர் ஆகியோர் பெயரின்றி மறைந்துள்ளனர்.

1802ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு சூன் 23ஆம் நாள் செருமானிய அறிஞர் அலெக்சாந்தர் ஃபான் அம்போல்ட்டு, தம் தோழர் போன்பிளானுடனும் கீத்தோவைச் சேர்ந்த கார்லோசு மோந்தூபாருடனும் சிம்போராசோ எரிமலையில் ஏறினார். ஈறுகளில் குருதி கசிய, உச்சிக்குக் கீழே பெரும்பிளவு ஒன்று குறுக்கிட, அவர்கள் திரும்ப நேர்ந்தது. அவ்வளவு உயரம் அதற்கு முன் எவரும் ஏறியதில்லை என்று ஐரோப்பா அந்நாளில் வியந்தது. மலையடி முதல் பனிமுடி வரை எந்தெந்த உயரத்தில் எவ்வெச் செடி வளர்கிறது என்று அம்போல்ட்டு வரைந்து காட்டிய படம் செடியியலில் ஒரு திருப்பமாகும். அதே 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். குமரி முனையருகிலிருந்து இமயம் நோக்கிச் சென்ற பெரும் நிலவளவைக்கு அதுவே தொடக்கம். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானியைக் குன்றுதோறும் ஏற்றி இறக்கி அளந்த பணி அது. லாம்டனின் பெயர் நூல்களில் நிலைத்தது. அக்கருவியைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது.

பொதியிலுக்கே வருவோர்க்கு மேலும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் 1837இல் நிறுவப்பட்ட வானாய்வகத்திற்குப் பின்னாளில் தலைவராக வந்தவர் சான் ஆலன் பிரௌன். நிலக்காந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட அவர், சமவெளியில் காணும் காந்த ஊசியின் அசைவும் மலையுச்சியில் காணும் அசைவும் ஒத்திருக்குமா என அறிய விரும்பி, 1855இல் அகத்தியர் மலை உச்சியில் ஆய்வகம் ஒன்றை அமைத்தார். புவியின் காந்த நடுக்கோடு அண்மையில் செல்வது இவ்வாய்வுக்கு வாய்ப்பாக இருந்தது. அம்போல்ட்டும் ஆண்டிசு மலையில் அதே காந்தக் கோட்டைக் கடந்து அளந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பிரௌனின் அளவைகள் 1874இல் நூலாக வெளிவந்து அறிஞருலகில் மதிப்புப் பெற்றன. யானைத் தடம் தவிர வேறு தடமில்லாத காட்டில் மரமும் கருவியும் உணவும் உச்சிக்கு ஏறியது மனிதத் தோள்களின் மீதே. அத்தோள்களுக்கு உரியவர் யாவர் என்று நூலட்டை சொல்லவில்லை.

இம்மறதிக்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் அதே மலையில் நடந்தது. 1987இல் தாவரவியல் அறிஞர் குழு ஒன்று காணி மக்களின் வழித்துணையோடு அகத்தியர் மலைக் காட்டில் ஆய்வு மேற்கொண்டது. ஏற்றத்தில் அறிஞர்கள் களைத்து அமர, உடன் வந்த காணிகளோ இடையிடையே சிறு கனிகளைத் தின்றவாறு சோர்வின்றி நடந்தனர். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினர். மறைத்துப் போற்ற வேண்டிய அறிவு என்பது அவர்கள் மரபு. பின்னரே அச்செடியைக் காட்டினர். ஆரோக்கியப் பச்சை என வழங்கும் அச்செடியைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ந்தது; அதனை முதன்மையாகக் கொண்டு 'சீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. 1995இல் அதனைச் செய்யும் உரிமை 10 இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமத்தொகைக்கும் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. வரும் தொகையில் பாதி காணி மக்களுக்கு எனப் பூங்கா முடிவு செய்தது. அதனைப் பெற்று நடத்த 1997இல் காணிகளின் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. செடியைக் காட்டிய மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோரின் பெயர்களும் ஏடேறின.

இதனைக் குறையற்ற கதையாகக் கூறுதல் பொருந்தாது. பல ஊர்களில் பரவி வாழும் காணிகள் அனைவரையும் கேட்டு முடிவெடுக்கவில்லை என்ற குறை எழுந்தது. காட்டிலிருந்து அச்செடியைத் திரட்டுவதில் வனச் சட்டத்தோடு முரண்பாடும் தோன்றியது. ஆயினும் வழிகாட்டியின் அறிவுக்கு ஓர் உரிமை உண்டு என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக உலகம் இதனைப் பேசுகிறது.

ஆண்டிசு மலை கண்ட மற்றொரு கதையை இதனருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா, அம்மலைகளின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அம்மரம் 1860களில் நீலகிரிக்கும் வந்து சேர்ந்தது. பொலிவியாவைச் சேர்ந்த மனுவேல் இங்க்ரா மமானி என்னும் பழங்குடி, மருந்து மிக்க மர வகையின் விதைகளைத் தேடித் திரட்டி ஆங்கில வணிகர் சார்லசு லெட்சருக்கு அளித்தார். அவ்விதைகளால் டச்சுக்காரரின் சாவகத் தோட்டங்கள் செழித்தன. மரவகைக்கு லெட்சரின் பெயர் சூட்டப்பட்டது. மமானியோ விதை கொடுத்த குற்றத்திற்காகச் சிறைப்பட்டு, அடியுண்டு, அதனாலேயே உயிர் துறந்தார். ஒரே வகை அறிவுக்கு ஓரிடத்தில் உரிமத்தொகை, மற்றோரிடத்தில் சிறைச்சாலை. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே மனித நாகரிகம் நடந்த தொலைவு.

மலை யாருக்கு உரியது என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. பொதியிலை ஆண்ட ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆடுமகள் அம்மலையை எளிதில் அணுகலாம், பெருமை மிக்க மன்னரோ அணுகுதல் அரிது என்னும் கருத்துப்படப் புறநானூற்றின் 128ஆம் பாட்டை அமைத்துள்ளார். படையோடு வருவோர்க்கு மூடியும் கலையோடு வருவோர்க்குத் திறந்தும் நின்ற மலை அது. காலம் பல கடந்தபின், அதே மலையுச்சிக்குப் பெண்கள் செல்லலாகாது என்னும் தடை நிலவியது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2019 சனவரியில் பெண்கள் ஏறினர். அப்போது காணி மக்களுள் ஒரு பகுதியினர் தம் வழிபாட்டு மரபைச் சுட்டி எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஏறுவோரின் உரிமையும் மலைவாழ்வோரின் மரபும் மோதும் இடம் அது. சட்டம் ஒன்றைத் தீர்த்தது. மற்றொன்றைத் தீர்க்கச் சட்டம் போதாது. அருகிருந்து கேட்கும் பண்பு வேண்டும்.

மருந்துவாழ் மலையும் இதனையே கற்பிக்கிறது. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையின் ஒரு துண்டு விழுந்து உண்டானது என்று மக்கள் கதை சொல்வர். ஐயாவழி மக்கள் அதனைப் புனிதமாகப் போற்றுவர். நாராயண குரு அம்மலையின் பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தார். இன்று மேலே ஏறி நிற்பவர் ஒரே பார்வையில் குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய மூன்று நிலங்களையும் காணலாம். அம்போல்ட்டு உயரத்தால் வகுத்த செடிகளின் அடுக்கைத் தமிழ்ப் புலவர் மனித ஒழுக்கத்தோடு சேர்த்துத் திணையாக வகுத்தனர். முன்னது அளவை, பின்னது கவிதை மரபு. இரண்டையும் ஒன்றெனக் கூறிப் பெருமை கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நிலத்தை அறிவதென்பது அங்கு வாழ்வோரையும் அறிவதே என்னும் உண்மையைத் திணை மரபு ஒருபோதும் விட்டதில்லை.

இலக்கிய வட்டங்களுக்குரிய பணி இங்கேதான் தொடங்குகிறது. 2016இல் யுனெசுகோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் அகத்திய மலை இடம்பெற்றது. விலங்கையும் மரத்தையும் எண்ணுவதற்கு அலுவலர்கள் உள்ளனர். பேச்சிப்பாறை முதலிய இடங்களைச் சூழ்ந்து வாழும் காணிகளின் நாவில் உள்ள பாறைப் பெயர், ஓடைப் பெயர், செடிப் பெயர், பாட்டு, கதை ஆகியவற்றை எண்ணுவோர் சிலரே. சங்கப் பாடலில் நாஞ்சில் வள்ளுவனைத் தேடும் அன்பர்கள் அச்சொற்களையும் தேடிச் செல்வாராக. சொன்னவரின் இசைவைப் பெற்று, அவர் மறைக்க விரும்புவதை மறைத்து, வெளியிட விரும்புவதை அவர் பெயரோடே வெளியிடுவாராக.

மலையுச்சியில் பெயர் பொறிக்கும் வழக்கம் பாறைகளைக் கெடுத்து வருகிறது. ஏறியவர் தம் பெயரைப் பாறையில் எழுதுவதை விடுத்து, வழி காட்டியவர் பெயரை ஏட்டில் எழுதினால் மலையும் பிழைக்கும், நன்றியும் பிழைக்கும். இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டு மலர் அத்தகைய பெயர்கள் நிறைந்ததாக மலர்க.