வலி தெரிகிற மனச்சாட்சி வேண்டும்

 

சோதனையை ஜெயிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். ஜெயிப்பதைப் பற்றி இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் பேசாத பந்தல் இல்லை. மூன்று நாள் கூட்டம் போடுகிறோம். கை தட்டுகிறோம், அழுகிறோம், பிசாசைத் துரத்துகிறோம். நாலாம் நாள் சாயங்காலம் வீட்டில் என்ன நடக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களைக் கேளுங்கள். துரத்தப்பட்ட பிசாசு அவர்களுடைய வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது.

ஒருவன் கூலிப் பணத்தைக் குடித்துவிட்டு வருகிறான். "பிசாசு இழுத்துவிட்டது" என்கிறோம். ஒருவர் சபைக் கணக்கில் கை வைக்கிறார். "சத்துருவின் தந்திரம்" என்கிறோம். எல்லாப் பழியையும் பிசாசின் தலையில் கட்டிவிட்டால் நமக்கு என்ன வேலை மிச்சம்? எண்ணெய் பூசி ஜெபிக்க ஒரு ஊழியக்காரர் போதும். இப்படிப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையை உங்கள் ஊர்ச் செய்தி ஒன்றை வைத்தே போடுகிறேன்.

செங்கல்பட்டை ஒட்டித் திருமணி இருக்கிறது. இன்று மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிற அந்த இடத்தில்தான் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு அங்கே பணி செய்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். 1947இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து அவரைப் பார்க்க ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில், மிஷனெரித் தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்.

விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் அவர் தன் கையைக் கொடுத்து, "அழுத்திப் பிடியுங்கள்" என்றார். செத்துப்போன கை, பலம் இருக்காது என்று நினைத்திருந்தார். அந்த மனிதர் பிடித்த பிடியில் மருத்துவர் வலி தாங்காமல் துடித்துவிட்டார். வலித்தது மருத்துவருக்கு. பிடித்தவருக்கோ, தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அங்கே பிறந்த கேள்வி தொழுநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பியிருந்தது. அப்படி இல்லை, நரம்பு மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், முள்ளின் மேல் நடக்கிறார்கள், புண்ணோடு வேலை செய்கிறார்கள். கையும் காலும் அதனால்தான் தேய்கின்றன என்று பிராண்ட் கண்டுபிடித்தார். வேலூரில் சில நோயாளிகளின் விரல்கள் இரவில் குறைந்துகொண்டே வந்தன. காரணம் தெரியாமல் திகைத்து, ராத்திரி கண் விழித்துக் காவலிருந்து பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டிருந்தது. தூங்கியவர் எழுந்திருக்கவே இல்லை.

நோயைப் பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பழியைச் சுமத்தித்தான் இந்த மக்களை ஊருக்கு வெளியே தள்ளினோம். நம் ஆண்டவரோ அவர்களைத் தொட்டார். நான் சொல்வது, அவர்களுக்குக் கையில் நேர்ந்தது நமக்கு மனச்சாட்சியில் நேர்ந்திருக்கிறது என்பதுதான். வித்தியாசம் ஒன்று உண்டு. அவர்களுக்கு அது தானாக வந்தது. நாம் மரத்துப்போக மருந்து வாங்கிச் சாப்பிடுகிறோம்.

அந்த மருந்தைக் கொடுப்பது யார்? மேடையில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள்தான். வருஷம் முழுக்க ஆசீர்வாதம், புது வீடு, புது கார், விசா என்று பிரசங்கம் செய்தால் கேட்கிறவனுக்குக் குத்துமா? குத்தாது. அது குத்தக்கூடாது என்றே தயாரித்த பிரசங்கம். திருச்சபைத் தேர்தல் வந்தால் பிரியாணியும் கவரும் வீடு வீடாகப் போகின்றன. வாங்குகிறவர்கள் அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு முழங்கால் படியிடுகிறார்கள். யாருக்காவது கை நடுங்குகிறதா? ஏரிப் புறம்போக்கை மனையாக்கி விற்றவர் காணிக்கை கொண்டுவந்தால் முதல் வரிசை நாற்காலி கொடுக்கிறோம். அவரிடம் ஒரு கேள்வி கேட்ட மூப்பர் உண்டா?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி ஒரு பூனை தவம் நிற்கிறது. அதன் காலடியில் எலிகள். பெரிய சோதனைகள் எல்லாம் அந்தப் பூனையைப் போல பக்தியாகத்தான் வரும். பாவம் செய்ய வா என்று எவனும் கூப்பிடமாட்டான். "சபை நன்மைக்காகத்தான் ஐயா, ஒரு கையெழுத்து" என்பான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். வாரக் கடைசியில் அந்த விடுதிகளில் நடப்பது மட்டும்தான் பாவம் என்று பேசுவது நமக்குச் சுலபம். அங்கே பாத்திரம் கழுவப் போகிற நம் பிள்ளை எதைப் பார்த்துவிட்டு வருகிறான் என்று கேட்கிறோமா? 2023 மே மாதம் மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலும் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். சாவுக்குப் பிறகு எல்லாரும் ஓடினோம். சாவுக்கு முந்தின நாள் யார் போனோம்? பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை மாநிலச் சட்டம் தடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் தடுத்தது. நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டிருக்கிறவன் பக்கத்தில் எந்தச் சட்டமும் வந்து படுப்பதில்லை.

"ஐயா, நீங்கள் மனித முயற்சியைப் பேசுகிறீர்கள், கிருபை போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். கிருபை போதும். அதைப் பெற்றவன் தூங்கலாம் என்று யார் சொன்னது? கெத்செமனேயில் ஆண்டவர் பேதுருவிடம் கேட்டது ஒரு மணி நேர விழிப்பு. சாகவும் தயார் என்று வீரம் பேசின அதே ராத்திரி அவன் தூங்கினான். விடிவதற்குள், ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன் விழுந்தான். அந்த முற்றத்தில் நெருப்புக் காய்ந்தபோதா அவன் தோற்றான்? தோட்டத்திலேயே தோற்றுவிட்டான்.

வனாந்தரத்தில் ஆண்டவரைப் பாருங்கள். நாற்பது நாள் பசி. பிசாசு மூன்று முறை சோதிக்கிறான். மூன்று பதிலும் உபாகமத்திலிருந்து வருகின்றன. அங்கே சுருளைத் தேடிக்கொண்டா இருந்தார்? நாசரேத்தில், தச்சன் வீட்டில், வருஷக்கணக்காக மனதில் ஏறியிருந்தது அது. போத்திபாரின் மனைவி இழுத்தபோது யோசேப்பு நின்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். நிற்கவேண்டிய இடத்தையும் ஓடவேண்டிய இடத்தையும் முந்தியே தீர்மானித்தவர்கள் இவர்கள்.

உணர்ச்சியற்ற கை கால்களை உடைய நோயாளிகளுக்கு மருத்துவமனைகள் என்ன கற்றுக்கொடுக்கின்றன? தினமும் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார், சிவப்போ சூடோ கொப்புளமோ இருக்கிறதா என்று பார். தண்ணீரில் ஊறவை, தடித்த தோலைத் தேய், எண்ணெய் பூசு. உன்னால் பார்க்கமுடியாத இடத்தை வீட்டார் ஒருவரைப் பார்க்கச் சொல். இவ்வளவுதான். இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. இதைச் செய்தவர்களின் கால்கள் காப்பாற்றப்பட்டன.

அன்பானவர்களே, அதையே உங்களிடம் கேட்கிறேன். இன்று ராத்திரி படுக்கும் முன் வேதத்தைத் திறந்து, இந்தப் பகலில் நான் எங்கே சறுக்கினேன் என்று ஆண்டவருக்கு முன் கணக்குப் பாருங்கள். உங்களைத் தட்டிக் கேட்கிற உரிமையை ஒருவருக்குக் கொடுங்கள். மனைவியோ, நண்பரோ, ஆயரோ, யாராவது ஒருவர். சம்பள நாளில் எந்தக் கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போகக்கூடாது என்று முந்தின நாளே முடிவு செய்யுங்கள். போனை ராத்திரியில் கூடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். மூப்பர்களே, அந்தக் கவரைத் திருப்பிக் கொடுங்கள். போதகர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கேட்கிறவர்களுக்கு வலிக்கிற ஒரு பிரசங்கத்தைச் செய்யுங்கள், அது முதலில் உங்களுக்கு வலிக்கட்டும்.