செடிக்கு வரும் அறிவு லயத்துக்கும் வர வேண்டும்

(சங்கத்தின் தொழிலாளர் கல்விக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு பல்கலைக்கழகம் உழைக்கும் மக்களுக்கு என்ன செய்ய முடியும் என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கும் பெரட்டுக்களத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இல்லாவிட்டால், அதை நாம் உண்டாக்க வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் வந்திருக்கிறேன். இதற்கு நூறு வருட அனுபவம் உள்ள ஒரு நாட்டை முதலில் பார்ப்போம். அது அமெரிக்கா.

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தை விற்ற பணத்தில் விவசாயமும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நிலத்தில் பெரும்பகுதி அந்த மண்ணின் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கல்லூரி வந்தது, ஆராய்ச்சி வந்தது. ஆனால் அறிவு மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது. எனவே 1914இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழகம் தன் ஆளை ஊருக்குள் அனுப்ப வேண்டும். செலவை மத்திய அரசும் மாநில அரசும் உள்ளூர் நிர்வாகமும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதற்கு விரிவாக்கல் சேவை என்று பெயர். நம் நாட்டுக் கிராமங்களில் விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார் அல்லவா, ஏறக்குறைய அப்படி ஒருவர். ஆனால் அவர் பல்கலைக்கழகத்தின் ஆள். விதை, மண், கோழி வளர்ப்பு, பிள்ளைகளின் போஷாக்கு, பழத்தைக் கெடாமல் போத்தலில் அடைப்பது, இளைஞர் கழகம் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஊர் மக்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள்.

சட்டம் வந்து நான்கே வருடத்தில் பெரும் சோதனை வந்தது. 1918ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல் உலகையே உலுக்கியது. இலங்கைத் தோட்டங்களையும் அது விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் சுமார் 675,000 பேர் இறந்தார்கள். வட கரோலைனா மாநிலத்தில், வீடு வீடாகப் போய்ச் சமையலும் உணவு பதப்படுத்தலும் சொல்லிக்கொடுத்த விரிவாக்கல் சேவைப் பெண்கள், அந்த வேலையை நிறுத்திவிட்டு நோயாளிகளுக்குச் சூப் காய்ச்சிக் கொடுக்கவும் பணிவிடை செய்யவும் இறங்கினார்கள். குடும்பம் முழுவதும் படுத்த படுக்கையாகக் கிடந்த வீடுகளில் யாரை உள்ளே விடுவார்கள்? முன்பே தெரிந்த முகத்தைத்தான் விடுவார்கள். அந்தப் பெண்கள் தெரிந்த முகங்களாக இருந்தார்கள்.

தோழர்களே, இதே வரலாற்றில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு பக்கம் உண்டு. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் பருத்தித் தோட்டங்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் அதே தோட்டங்களில் கடனிலும் குத்தகையிலும் கட்டுண்டு கிடந்தார்கள். அங்கே புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய கல்லூரியில் ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற விஞ்ஞானி இருந்தார். மக்கள் கல்லூரிக்கு வர முடியாது என்றால் கல்லூரி மக்களிடம் போகட்டும் என்று, 1906இல் ஒரு குதிரை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வண்டியின் பொறுப்பு தோமஸ் கேம்பல் என்ற கறுப்பின இளைஞரிடம் கொடுக்கப்பட்டது. பின்னாளில் குதிரை வண்டி மோட்டார் லொறியாக மாறியது. அதில் ஒரு தாதியும் கூடப் போனார். பயிரும் சுகாதாரமும் ஒரே வண்டியில் தோட்டத்து மக்களின் வாசலுக்கு வந்தன.

இனி 2020க்கு வருவோம். மார்ச் மாதம் அமெரிக்கா முழுவதும் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவாக்கல் அலுவலகங்களும் மூடின. ஆனால் வேலை நிற்கவில்லை. கடையில் சாமான் கிடைக்காது என்ற பயத்தில் மக்கள் வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் தனது மரக்கறிப் பயிர்ச்செய்கைப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பல்லாயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். கடையில் வாங்கிய பொருளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டுமா, மரக்கறியில் கிருமி ஒட்டியிருக்குமா என்ற கேள்விகளுக்கு வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு ஒரு பக்கத் துண்டுப்பிரசுரங்களை வெளியிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் அல்ல, மற்ற மொழிகளிலும் வெளியிட்டது.

பண்ணைத் தொழிலாளர் விஷயம் நமக்கு முக்கியம். அங்கே பண்ணைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பேசுவது ஸ்பானிய மொழி. ஒரே அறையில் பலர் படுப்பார்கள், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவார்கள். நியூயோர்க் மாநிலத்தின் கோர்னெல் போன்ற பல்கலைக்கழகங்களின் விரிவாக்கல் பிரிவுகள் பண்ணைக்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வழிகாட்டல் கொடுத்தன. படுக்கைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும், காய்ச்சல் வந்தவரை எங்கே தனியாக வைக்க வேண்டும், அவருக்கு யார் சாப்பாடு கொடுக்க வேண்டும், பஸ்ஸில் எத்தனை பேரை ஏற்ற வேண்டும் என்பனதான் அதில் இருந்தன. "சமூக இடைவெளி பேணுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு காம்பராவில் எட்டுப் பேர் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துச் சொல்வதுதான் அறிவுரை.

2021இல் தடுப்பூசி வந்தது. அப்போது நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஏறக்குறைய 1 கோடி டொலரை இந்த விரிவாக்கல் சேவைகளுக்கு ஒதுக்கி, மக்களிடம் போய்த் தடுப்பூசி பற்றிப் பேசுங்கள் என்று கேட்டது. வைத்தியசாலை இருக்கும்போது விவசாய உத்தியோகத்தரை ஏன் கேட்க வேண்டும்? நான் சொன்ன அதே அலபாமாவில் இதற்கான காரணம் இருக்கிறது. 1932 முதல் 1972 வரை, டஸ்கீகியைச் சுற்றியிருந்த ஏறக்குறைய 600 கறுப்பின ஆண்களை வைத்து அரசின் பொதுச் சுகாதாரச் சேவை ஒரு கொடிய ஆய்வை நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு மேக நோய் இருந்தது. மருந்து இருந்தும் கொடுக்காமல், நோய் எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மக்களின் பேரப் பிள்ளைகள் ஊசியைக் கண்டு தயங்கினால், அதை அறியாமை என்று சொல்ல முடியுமா? ஏமாற்றப்பட்டவர்களிடம் பேச, ஏமாற்றாதவர் ஒருவர் தேவை. அந்த ஆளை நோய் வந்த பிறகு தேட முடியாது.

அந்தச் சேவையில் வேலை செய்தவர்களின் நிலையையும் ஒரு தொழிற்சங்கம் கவனிக்க வேண்டும். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, வயோதிபப் பெற்றோர் உண்டு. வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். ஆனால் கிராமப்புறங்களில் பலருக்கு நல்ல இணைய வசதி இல்லை. சில இடங்களில் மாணவர்களும் மக்களும் விரிவாக்கல் அலுவலகத்தின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, அங்கே கிடைத்த இணையத்தில் பாடம் படித்தார்கள். நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறியது உங்களுக்கு ஞாபகம் வரும்.

அந்த மார்ச் மாதமே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. தொற்று ஏற்பட்டவருக்கும் தனிமைப்படுத்தப்பட்டவருக்கும் 80 மணித்தியாலம் வரை சம்பளத்துடன் சுகவீன விடுமுறை. அரச பல்கலைக்கழக ஊழியருக்கும் அது பொருந்தியது. ஆனால் 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் கம்பனிகளுக்கு அது பொருந்தவில்லை. தொற்று மிக மோசமாகப் பரவிய பெரிய இறைச்சித் தொழிற்சாலைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அந்தச் சட்டக் கட்டாயமும் 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. இன்னொரு புறம், வருமானம் குறைந்தது என்று சில பல்கலைக்கழகங்கள் தங்கள் ஊழியரைச் சம்பளமில்லாக் கட்டாய விடுமுறையில் அனுப்பின. மக்களைப் பாதுகாக்கப் போகிறவருக்கே பாதுகாப்பு இல்லை என்றால் அந்தச் சேவை எத்தனை நாளைக்கு நிற்கும்?

இன்னொரு குறையும் உண்டு. தென் மாநிலங்களில் 1960கள் வரை வெள்ளையருக்கு ஒரு சேவை, கறுப்பினத்தவருக்கு ஒரு சேவை என்று பிரித்தே நடத்தினார்கள். கறுப்பின உத்தியோகத்தருக்குச் சம்பளமும் குறைவு. பல்கலைக்கழக அறிவு பெரிய பண்ணை முதலாளியின் காதுக்குத்தான் முதலில் எட்டுகிறது, கூலித் தொழிலாளிக்கு மிச்சம்தான் என்று அங்கேயே பலர் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். அமைப்பு இருந்தால் மட்டும் போதாது. அது யாருக்காக இருக்கிறது என்று கேட்கவும் ஆள் வேண்டும்.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1925இல் தொடங்கியது. தேயிலையின் மீது அறவிட்ட வரிப்பணத்தில் வளர்ந்தது. அங்கிருந்து ஆலோசனை உத்தியோகத்தர்கள் தோட்டங்களுக்கு வருகிறார்கள். மண்ணைப் பார்க்கிறார்கள், கவ்வாத்தைப் பார்க்கிறார்கள், இலையில் நோய் கண்டால் மருந்து சொல்கிறார்கள். அது நல்ல வேலைதான். செடி செத்தால் நமக்கும் பிழைப்பு இல்லை. ஆனால் செடிக்குக் காய்ச்சல் வந்தால் அறிவுரை சொல்ல ஆள் வருகிறார். கொழுந்து பறிக்கிற அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருகிறார்?

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு போட்டார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தார்கள். நாடு வீட்டுக்குள் இருந்தபோது நாம் மலையில் நின்றோம். அந்த ஒக்டோபரில் மேல் மாகாணத்தில் தொற்று பரவியபோது, கொழும்பில் வேலை செய்த நம் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினார்கள். வந்த பிள்ளையைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். லயத்தில் தனி அறை ஏது? கையை அடிக்கடி கழுவச் சொன்னார்கள். ஒரு பைப்பில் எத்தனை குடும்பம்? காய்ச்சல் இருந்தால் வேலைக்கு வராதே என்றார்கள். வராத நாளுக்குப் பேர் போடுவார்களா என்று கேட்டால் பதில் இல்லை.

அன்று நமக்கு உதவியவர்கள் யார்? குடும்பநல உத்தியோகத்தர், தோட்ட வைத்திய உதவியாளர், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம் மாதர் சங்கத் தலைவிமார். வட கரோலைனாவில் சூப் காய்ச்சிய பெண்களும் இவர்களும் ஒன்றுதான். ஆனால் இவர்களுக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் நிற்கவில்லை. பதில் தெரியாத கேள்வி வந்தால் கேட்பதற்கு ஒரு நிபுணர் இல்லை. கையில் கொடுக்க நம் பேச்சு வழக்கில், நம் லயத்துக்குப் பொருந்தும்படி எழுதிய ஒரு தாள் இல்லை.

நாட்டில் இதற்கு ஆற்றல் இல்லாமல் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் விவசாய பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டம் கொடுக்கிறது. இந்தப் பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று நாமும் பல வருடமாகக் கேட்டு வருகிறோம். அது வரும் நாளில் கட்டடத்தோடு நின்றுவிடக் கூடாது. அதன் வண்டி லயத்து வாசலுக்கு வர வேண்டும்.

ஆகவே, இந்தக் கூட்டத்தில் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: அரச பல்கலைக்கழகங்கள் தோட்டப்புறங்களுக்கு நிரந்தர விரிவாக்கல் உத்தியோகத்தர்களை நியமிக்க வேண்டும். அவர் தமிழ் பேச வேண்டும். நோய் வரும்போது மட்டும் அல்ல, மாதாமாதம் வர வேண்டும். பங்களாவுக்கு மட்டும் வந்துவிட்டுத் திரும்பக் கூடாது.

இரண்டு: அந்த நியமனங்களில் தோட்டத்தில் பிறந்து படித்த இளைஞர் யுவதிகளுக்கு இடம் வேண்டும். வேலை நிரந்தரமாகவும் சம்பளம் முறையாகவும் இருக்க வேண்டும். தொண்டர் என்ற பெயரில் அரைச் சம்பளம் கொடுப்பதை ஏற்க முடியாது.

மூன்று: தொற்றுநோய்க் காலத்தில் காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு முழுப் பேர் போட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். சம்பளம் இல்லாத இடத்தில் எந்தச் சுகாதார அறிவுரையும் எடுபடாது.

நான்கு: ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சுகாதாரக் குழு வேண்டும். அதில் நிர்வாகம், வைத்திய உதவியாளர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோருடன் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

முதல் மூன்றையும் அரசிடமும் கம்பனிகளிடமும் போராடித்தான் பெற வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். நான்காவதை இப்போதே தொடங்கலாம். யார் வீட்டில் வயோதிபர் தனியாக இருக்கிறார், யார் கர்ப்பிணி, யாருக்குச் சீனி வியாதி, எந்த லயத்தில் தண்ணீர் இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அந்த விவரம் வெளியே போகாமல் குழுவுக்குள் இருக்கட்டும். அடுத்த நோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் நாளில் அந்தக் கொப்பி நம் கையில் இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அதை யார் எழுதப் போகிறார் என்று இன்றைக்கே முடிவு செய்துகொண்டு போங்கள்.