வகுப்பு எடுப்பவர்களுக்குள் சண்டை ஏன் வருகிறது?

(நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் உடற்பயிற்சிப் பயிற்சியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கிளப் ஹவுஸில் ஜூம்பாவும் ஏரோபிக்ஸும் ஆரம்பிக்கப் போகிறோம், நீங்கள் கொஞ்சம் பேசுங்கள் என்று செயலாளர் சார் கேட்டுக்கொண்டார். எந்த வகுப்பில் எடை குறையும் என்பதை இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்குப் பயிற்சியாளர்களுக்குள் வரும் தகராறைப் பற்றிச் சொல்கிறேன். நன்றாக நடந்த எத்தனையோ வகுப்புகள் அதனால்தான் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலையில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. காய்ச்சல் வந்தால் அன்றைய காசு போச்சு. காலை ஆறு மணிக்கு ஓரிடம், ஏழரைக்கு இன்னோரிடம், மாலையில் மூன்றாவது இடம், பெட்ரோல் கைக்காசு. ஜூம்பா என்ற பெயரில் வகுப்பெடுக்க உரிமம் வேண்டும், அந்தச் செலவும் பெரும்பாலும் அவர்களுடையதுதான். அதனால் ஒரு நேரத்தை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது, வாங்குபவருக்கும் இழப்பவருக்கும் சோற்றுப் பிரச்சினை.

நான் வேலை பார்த்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது இது. மாலை ஏழு மணி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் அம்மாவின் ஆபரேஷனுக்காக இரண்டு வாரம் லீவு போட்டார். இன்னொரு பெண் பதிலுக்கு வந்தார். கூட்டம் ஐந்தாறு பேர் கூடியது. உடனே மேனேஜர், இனி அந்த நேரம் புதியவருக்கே என்று இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். லீவில் இருந்தவருக்கு ஒரு போன்கூடப் போகவில்லை.

அப்புறம் என்ன? ஒருவர் வகுப்பைப் பத்து நிமிடம் இழுப்பார், அடுத்தவர் வாசலில் நிற்பார். மைக் பேட்டரி சார்ஜ் இல்லாமல் இருக்கும். வருபவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டு வகுப்புமே காலி. “ரெண்டு பொம்பளைங்க சேர்ந்தா இப்படித்தான்” என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த இரண்டு பேரும் அதற்கு முன்னால் ஒரே ஸ்கூட்டியில் வந்தவர்கள்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆடுகிறவரையே ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிடுவார்கள். அட்டவணை போடுகிறவரும் வகுப்பு எடுக்கிறவரும் ஒரே ஆள் என்றால், கூட்டம் வரும் ஏழு மணி யாருக்குப் போகும், மதியம் மூன்று மணி யார் தலையில் விழும்? அவர் நியாயமாகவே போட்டாலும் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நாம்தான் அந்த மேனேஜர். அதுவும் வீட்டுக்கு ஒருவர்! பாட்டுச் சத்தம் அதிகம் என்று ஒரு சார் வகுப்பு நடுவில் வந்து சொல்வார், சத்தம் போதவில்லை என்று ஒரு அக்கா சொல்வார். பயிற்சியாளர் யார் பேச்சைக் கேட்பது? கமிட்டியில் வகுப்பு எடுக்காத ஒருவர் பொறுப்பேற்கட்டும். எது என்றாலும் அவரிடமே சொல்லுவோம். லீவு போட்டவர் திரும்பி வந்தால் அந்த நேரம் அவருக்கே என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவோம். பணம் எந்தத் தேதியில் என்பதையும் அதிலேயே எழுதலாம். தலை எண்ணி மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தால் யார் வகுப்பிலும்தான் கூட்டம் குறையும்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிகமாக வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிச் செயலாளர் சாரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.

தலையில் மாட்டும் மைக் ஒன்று சங்கமே வாங்கிவிடலாம். அது இல்லாமல் கத்திக் கத்தியே பலருக்குத் தொண்டை போயிருக்கிறது.

ஹாலுக்கு வெளியே பரதநாட்டியப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கேள்வி இருப்பவர்கள் கீழே பார்க்கிங்குக்கு வாருங்கள், அங்கே பேசலாம்.