கூடிச் செய்து கற்போம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மென்பொருளைப் பற்றிப் பேச வைத்தியர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். இன்று பல மருத்துவக் கருவிகளை இயக்குவது மென்பொருளே. அதில் பிழை நேர்ந்தால் தாங்குபவர் நோயாளிதான்.

கனடாவில் தயாரான தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி, 1985 முதல் 1987 வரை ஆறு புற்றுநோயாளருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர். அதன் மென்பொருளை எழுதியவர் ஒருவரே. முந்திய கருவிகளில் இருந்த பொறிமுறைப் பாதுகாப்புகள் பலவும் இதில் இருக்கவில்லை. இயக்குபவர் தாம் பதிந்ததை மிக வேகமாகத் திருத்தியபோதுதான் ஒரு பிழை வெளிப்பட்டது. இத்தகைய பிழை, எழுதியவர் தனியே இருந்து பார்த்தால் கண்ணில் படாது. பயன்படுத்துபவரின் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

மருத்துவ மாணவர் நூலோடு நின்றுவிடுவதில்லை. குழுவாக விடுதிக்குச் சென்று, நோயாளியிடம் கேட்டுக் கற்கிறார்கள். மென்பொருள் பொறியியலும் அப்படியே கற்பிக்கப்பட வேண்டும்.

நமது பாடசாலை நூலகத்தின் இரவல் பதிவேட்டையே ஒரு குழுச் செயற்றிட்டமாக எடுக்கலாம். ஐந்து மாணவியர் போதும். ஒருத்தி நூலகரோடு இருந்து அவரது வேலையை அறியட்டும். இருவர் மென்பொருளை எழுதட்டும். ஒருத்தி அதை வாசித்துப் பிழை பிடிக்கட்டும். மற்றவள், பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிக்கட்டும். மாதந்தோறும் பொறுப்புகள் மாறட்டும். "இது சரிவராது, பிள்ளை" என்று நூலகர் சொல்லும் நாளில்தான் உண்மையான பாடம் தொடங்கும்.

ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். குழுவுக்கு ஒரே புள்ளி வழங்கினால் ஒருத்தி உழைப்பாள், நால்வர் பெயர் போடுவர். ஒவ்வொருத்தியும் செய்ததை வாரந்தோறும் பதிந்து, அதற்கும் புள்ளி வழங்குங்கள்.

கணினிகளை அன்பளிப்புச் செய்த சகோதரிகளுக்கு நன்றி. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் மென்பொருள் துறையில் பணியாற்றும் பழைய மாணவியரிடம் இன்னுமொன்று கேட்கிறேன். வாரம் ஒரு மணிநேரம் இணையவழியே ஒரு குழுவுக்குத் துணையாக இருங்கள். எழுதியதை வாசியுங்கள், கேள்வி கேளுங்கள். விடையை மட்டும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் பிழைவிட்டுத் திருந்தப் பாடசாலை நூலகமே ஏற்ற இடம். ஒரு புத்தகம் பதிவில் தவறினால் தேடி எடுக்கலாம். நோயாளியின் கட்டிலருகே அந்த வாய்ப்புக் கிடைக்காது.