ஈரமானியும் சமையல் உப்பும்



இக்காலத்து மாணவர் பலர், விடுமுறை நாட்களில் மின்னணுக் கருவிகளைத் தம் கையாலேயே இணைத்துப் பழகுகின்றனர். ஆர்டுயினோ என்னும் சிறு பலகை ஒன்று, சில கம்பிகள், காற்றின் ஈரத்தை அறியும் உணரி ஒன்று ஆகிய இவை இருந்தால் வீட்டிலேயே ஓர் ஈரமானி உருவாகிவிடும். டி.எச்.டி. 11 என்னும் உணரி கட்டைவிரல் நகத்தளவே உள்ளது; விலையும் நூறு ரூபாய்க்கு முன்பின்னாகவே இருக்கும். அது காட்டும் எண்ணை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், ஒப்பு ஈரப்பதம் என்பது யாது? 30 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு கனமீட்டர் வெளியில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி வரை இருக்கலாம். அதில் 15 கிராம் இருக்குமாயின், ஈரப்பதம் 50 விழுக்காடு. அக்காற்றே இரவில் 20 பாகைக்குக் குளிர்ந்தால், எல்லை 17 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. புதிதாக ஒரு துளி நீரும் சேராமலே ஈரப்பதம் 90 விழுக்காட்டை நெருங்கிவிடுகிறது. ஆதலால், வெப்பத்தைக் கருதாமல் ஈரத்தைக் கூறுதல் இயலாது.

ஈரத்தை அளக்க மனிதன் கையாண்ட பொருள்களுள் ஒன்று தலைமயிர். ஈரம் ஏறினால் மயிர் சற்றே நீளும், உலர்ந்தால் சுருங்கும். இவ்வியல்பைக் கொண்டு ஈரமானி அமைத்த ஜெனீவா அறிஞர் சொஸூர், 1783-இல் அதனைப் பற்றி நூலும் எழுதினார். பள்ளிகளில் நான் மாணவர்க்குக் காட்டியதோ, ஒன்றில் ஈரத்துணி சுற்றிய இரட்டை வெப்பமானி. இன்றைய உணரியில் மயிரின் இடத்தை ஒரு மெல்லிய படலம் பெற்றுள்ளது. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும்பொழுது அதன் மின்பண்பு மாறுகிறது. அம்மாற்றமே எண்ணாக நமக்குத் தெரிகிறது.

அந்த எண்ணில் 5 விழுக்காடு கூடுதலோ குறைவோ இருக்கலாம் என்று டி.எச்.டி. 11-ஐச் செய்வோரே குறித்துள்ளனர். ஐந்துதானே என்று தள்ளிவிடலாமா? நிலக்கடலை மூட்டை அடுக்கிய ஓர் அறையை எண்ணிப் பாருங்கள். சேமிப்பறைக் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு உட்பட்டிருத்தல் நலம் என்பது பொதுவான விதி. அதற்கு மேற்பட்டால் பூஞ்சணத்திற்கு இடமுண்டாகும். சிலவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுப்பது. 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம், அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்நஞ்சே. கருவி 68 என்று காட்ட, அறையில் உண்மையில் 73 இருக்குமாயின், அக்கருவி இருப்பதைக் காட்டிலும் இல்லாதிருப்பதே நன்று. கருவி இல்லாதவன் கடலையைக் கையில் எடுத்தேனும் பார்ப்பான்.

இதற்குப் பரிகாரம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ஒரு சிறு மூடியில் தூய தூள் உப்பை இட்டு, சில துளி நீர் விட்டு, ஈரமணல் போல் குழையுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடலாகாது. அம்மூடியையும் உணரியையும் ஒரு கண்ணாடிச் சாடியில், ஒன்றையொன்று தொடாமல் வைத்து, காற்றுப் புகாதவாறு மூடி, வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். சாடிக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். 25 பாகையாயினும் 30 பாகையாயினும் இதில் மாற்றம் மிகச் சிறிதே. அப்பொழுது கருவி 70 என்று காட்டினால், ஐந்தைக் கூட்டுமாறு நிரலில் எழுதிவிடலாம். கல்லுப்பு இதற்கு ஏற்றதன்று. அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு கணக்கைக் கெடுக்கும்.

இத்திருத்தம் 75-ஐ ஒட்டிய இடத்திற்கே பொருந்தும். 30 விழுக்காட்டில் இதே பிழைதான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் நமக்கு வேண்டிய எல்லையான 70, அதன் அருகிலேயே இருப்பது நமது நற்பேறு.

இன்னும் இரண்டு செய்திகள். சூடேறும் பலகையின்மேல் உணரியைப் பொருத்தாதீர்கள். 70 விழுக்காடு ஈரமுள்ள காற்று ஒரு பாகை சூடேறினாலே, உணரி ஏறத்தாழ 4 விழுக்காடு குறைத்துக் காட்டும். உணரியின் இயல்பு நாளடைவில் மாறக்கூடும். ஆகையால் சில திங்களுக்கு ஒருமுறை உப்புச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கண்ட எண்ணை நாளிட்டு ஏட்டில் எழுதி வையுங்கள்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தான் செய்த கருவியைக் கொண்டுவந்து காட்டும்பொழுது, "நன்று" என்று பாராட்டுங்கள். பாராட்டிய பின், "இந்த எண் சரியென்று எப்படி அறிந்தாய்?" என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, கருவி செய்வதோடு நில்லாமல் அறிவியலையும் கற்றுக்கொள்கிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு சிட்டிகை உப்பே.